ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அரைமணி நேரம்

(வெம்பக்கோட்டையில், தொடக்கப் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாளின் தூளும் மருந்தின் நெடியும் கையை விட்டு இன்னும் அகலாத நிலையில், வேலைக்களத்திலிருந்து நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். உங்களை நெடுநேரம் இருத்தி வைத்தல் முறையன்று. ஆகலான், மேடைதோறும் நாம் பாடுகின்ற மொழிப் பெருமைகளை இன்றைக்கு ஒருபுறம் வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கின்ற அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் பேச விரும்புகின்றேன்.

நம் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிகளுள் பல ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகின்றன. ஆறாம் வகுப்பிற்குப் பிள்ளை வேறொரு பள்ளிக்குச் செல்ல வேண்டும். பல வேளைகளில் வேறோர் ஊருக்கே செல்ல வேண்டும். இதுகாறும் ஓர் ஆசிரியரோ இருவரோ எல்லாப் பாடங்களையும் சொல்லித் தந்தனர். அவர்களுக்குப் பிள்ளையின் பெயர் தெரியும்; தாயின் பெயரும் தெரியும். இனிப் பாடத்திற்கொருவர் வருவர், மணியடித்தால் போய்விடுவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளை அந்தப் புதிய வகுப்பில் என்ன செய்யும்? பின்வரிசையில் வாய்மூடி அமரும். பிறகு ஒரு நாள் தலைவலி. ஒரு நாள் பாட்டி வீடு. ஒரு நாள் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. 'எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான்' என்று ஊர் சொல்லும். உண்மையில் அவன் ஐந்திலேயே நின்றுவிட்டான். உடம்பு மட்டுந்தான் எட்டு வரை போய்வந்தது. பெண்பிள்ளையாயின் இன்னும் கேடு. பேருந்தில் தனியே அனுப்ப அஞ்சுகின்றோம் என்பது நமக்கு எளிதாய்க் கிடைக்கும் சாக்கு.

இந்த வாயிலில் தடுக்கி நின்றவர்களுள் ஒருவரை நாடே அறியும். 1903 சூலை 15ஆம் நாள் விருதுநகரில் பிறந்த காமராசர், தந்தையை இளமையிலேயே இழந்து, ஆறாம் வகுப்பிற்கு மேல் பள்ளியிற் பயிலாமல் கடையில் நின்றார். அந்த இழப்பு அவருக்குள் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதை 1954இல் அவர் முதலமைச்சரான பின் நாடு கண்டது. 1956இல் பள்ளிகளில் நண்பகலுணவு தொடங்கியதும், சிற்றூர்தோறும் பள்ளி திறந்ததும் அதன் விளைவுகள். ஆனால், படிக்காமலேயே காமராசர் உயர்ந்தாரே என்று நம்மவர் சிலர் பேசுகின்றனர். அவரே ஒப்பாத பேச்சு அது. அவர் தம்மைப் போல் ஊர்ப்பிள்ளைகளும் நின்றுபோகலாம் என்று எண்ணியிருந்தால், ஏன் ஊர்தோறும் பள்ளி கட்டினார்?

அவர் பதவி ஏற்றபோது முதலில் எடுத்தெறிந்தது எதை என்று இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1953இல் இராசகோபாலாச்சாரியார் அரசு ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. சிற்றூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்தாற் போதும். எஞ்சிய பொழுதில் வீட்டில் தந்தையின் தொழிலைக் கற்கட்டும் என்பது அதன் சாரம். 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டிப் பெரியாரும் தி.மு.க.வினரும் எதிர்த்தனர், பேராயக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. 1954இல் ஆச்சாரியார் விலகினார். காமராசர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே 'வீட்டில் கற்றல்' என்னும் தொடர் தமிழ்நாட்டில் ஒரு கறைபட்ட தொடர். அதை இன்று நான் உங்கள்முன் சொல்லும்போது, அந்தப் பொருளில் சொல்லவில்லை என்பதைத் தெளிவாக்கிவிடுகின்றேன். தொழிலை வீட்டிற்குள் கொண்டுவந்து பிள்ளையின் கையிற் கொடுப்பது ஒன்று. பள்ளிப்பாடத்திற்கு வீட்டில் நிழல் தருவது மற்றொன்று.

முன்னதன் வரலாறு நம் மண்ணில் கொடியது. 1970களிலும் 80களிலும் விடியுமுன்பே ஆலைப் பேருந்துகள் ஊரூராக வந்து, தூக்கம் கலையாத சிறுவர் சிறுமியரைத் தீப்பெட்டி ஆலைகளுக்கு ஏற்றிச் சென்றதை இங்குள்ள பாட்டிமார் நேரிற் கண்டவர்கள். சிலர் அந்தப் பேருந்தில் போனவர்கள். (ஆலையை நம் பெண்கள் 'ஆபீசு' என்றே சொல்வார்கள். அந்தச் சொல்லில் ஒரு நாற்காலியும் மேசையும் இருப்பதுபோற் தோன்றும். உள்ளே இருந்ததோ கட்டை அடுக்கும் சட்டமும் கந்தக நெடியும்.) 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் பின்னும் 1991 சூலைத் திங்களில் சிவகாசிப் பக்கத்து வெடியாலை நேர்ச்சியில் 39 உயிர்கள் போயின. 1996 திசம்பர் 10 அன்று உச்ச முறைமன்றம், தீங்கான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அமர்த்தியவர் 20,000 உருவா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு சிவகாசிப் பிள்ளைகளை முன்னிட்டு எழுந்தது என்பதை மறந்துவிட வேண்டா. உங்கள் பிள்ளை இன்று பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போவது அத்தனை துன்பத்திற்குப் பின் கிடைத்த பேறு.

ஆலையின் வாயில் பிள்ளைகளுக்கு அடைபட்டது. வீட்டின் வாயில் அடைபட்டதா? பள்ளி விட்டு வந்ததும் குழாய் சுருட்டவும், பெட்டி ஒட்டவும், திரி எண்ணவும் உட்காருகின்ற பிள்ளைகள் இன்று ஒருவரும் இலர் என்று உங்களால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? 1953இல் திட்டமாகக் கொண்டுவந்தபோது தெருவில் இறங்கி எதிர்த்தோம். இன்று அதே அரைநாட் படிப்பை யாரும் ஏவாமலே நாம் நடத்துகின்றோம். வறுமையால்தான் செய்கின்றீர்கள் என்பதை அறிவேன். பசித்தவர்க்கு அறிவுரை கூறும் துணிவு எனக்கில்லை. ஆயினும் இறுதியாண்டு ஒன்றிலாவது, அந்த ஒரு பிள்ளையின் மாலைப்பொழுதை விலைபேசாமல் விட்டுவையுங்கள் என்று இரந்து கேட்பேன். மருந்தை வீட்டிற்குக் கொண்டுவரும் பேச்சுக்கோ இடமே இல்லை. அது சட்டப்படியும் குற்றம். வீட்டுக்குள் கள்ளத்தனமாக வெடி செய்து, வீடே இடிந்த கொடுமைகளை நம் வட்டம் கண்டிருக்கின்றது.

இனித் தேர்வு பற்றிய அச்சம். 2019இல் தமிழ்நாட்டு அரசு ஐந்தாம் வகுப்பிற்கும் எட்டாம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. பத்து அகவைப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று நாடு முழுதும் கொதித்தது. 2020 பிப்பிரவரி 4 அன்று அவ்வறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது. பின்னர் 2024 திசம்பரில் நடுவணரசு, ஐந்திலும் எட்டிலும் தேறாத பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க வழிசெய்யும் விதியை வெளியிட்டபோது, அதைப் பின்பற்றப் போவதில்லை எனத் தமிழ்நாட்டரசு அறிவித்தது. நான் அதனை வரவேற்பவன். கூலிவேலை செய்யும் வீட்டுப் பிள்ளையை ஐந்தில் தோல்வி என்று முத்திரை குத்தினால், அது அடுத்த ஆண்டும் அதே பலகையில் அமராது, வேலைக்குப் போய்விடும். ஆனால், 'எப்படியும் தேற்றிவிடுவார்கள்' என்று நாம் கால்நீட்டி அமர்வதற்கு இது கரணியம் ஆகாது. தடை நீங்கியது பிள்ளை நடப்பதற்காக; நடக்கத் தெரியாத பிள்ளையைத் தூக்கி அடுத்த அறையில் வைத்துவிட்டுப் போவதற்கன்று.

என்ன செய்வது? 'ஐயா, நானே ஐந்தாவதுதான் படித்தேன். நான் எதைச் சொல்லிக் கொடுப்பேன்?' என்று கேட்கும் தாய்மார்க்கு இதைச் சொல்கின்றேன்: நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டா, கேட்டுக்கொண்டிருந்தாற் போதும். நாள்தோறும் அரைமணி நேரம், பிள்ளை தமிழ்ப் பாடநூலை வாய்விட்டுப் படிக்கட்டும். நீங்கள் காய் நறுக்கிக்கொண்டே கேளுங்கள். எங்கே நிற்கின்றதோ, எங்கே விழுங்கி விழுங்கிச் செல்கின்றதோ, அங்கே அதற்குப் பொருள் விளங்கவில்லை என்று உங்கள் செவி சொல்லிவிடும். 'என்ன படித்தாய், எனக்குச் சொல்' என்று கேளுங்கள். பாட்டியிடம் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தறியாத பாட்டிகூட இதற்குச் சிறந்த ஆசிரியை. விளங்காததை விளங்கியதாக அவள் தலையாட்ட மாட்டாள்.

கணக்கிற்கு நம் தொழிலே பலகை. தீப்பெட்டியைக் குரோசுக் கணக்கில் எண்ணுவது நம் பக்கத்து வழக்கம். குரோசு என்றால் பன்னிரண்டு பன்னிரண்டு, 144. ஏழு குரோசுக்கு எத்தனை? ஆயிரத்தைவிட எத்தனை மிகுதி? கிழமைக் கூலியைப் பிள்ளையே கூட்டிச் சொல்லட்டும். முன்பணத்தைக் கழித்துக் காட்டட்டும். வேலை செய்ய வைக்காமல், வேலையின் கணக்கை மட்டும் அதன் கையில் கொடுங்கள். கணக்குப் பிள்ளையின் ஏட்டில் வீட்டுக்கு எவ்வளவு குறைந்தது என்று அது ஒருநாள் கண்டுபிடித்தால், அன்றைக்கே கல்வியின் பயன் உங்களுக்கு விளங்கும்.

இங்கேதான் பயிற்றுமொழி வந்து நிற்கின்றது; அதை நான் வலிய இழுக்கவில்லை. 2012ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்துவிட்டன. ஐந்தாவது வரை தமிழில் படித்த தாய், தமிழ்வழியிற் படிக்கும் பிள்ளையின் அறிவியல் நூலைத் தானும் வாங்கிப் படித்துவிடலாம். ஆங்கிலவழி நூலை அவள் கையில் கொடுத்தால், தன் பிள்ளையின் படிப்பிற்கு அவள் அன்றே அயலாள் ஆகிவிடுகின்றாள். பிறகு தனிப்பயிற்சிக்குப் பணம் தேட வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் மிகையாக உழைக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளையோடு இருந்திருக்க வேண்டிய நேரம்! ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோதான் பயிற்றுமொழி என்று 1999இல் அரசு ஆணையிட்டது. 2000இல் சென்னை உயர் முறைமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. ஆணையால் வராதது உங்கள் விருப்பத்தால் வரலாம். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும், யாரும் தடுக்கவில்லை. உலகை அறிவது மட்டும் அம்மாவுக்கும் விளங்கும் மொழியில் நடக்கட்டும்.

அவ்வாறு கற்க, நம் ஊரைவிடச் சிறந்த இடம் ஏது? வைப்பாற்றங்கரையில், விசயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச்சில் அகழாய்வு தொடங்கியது. 2023இலும் 2024இலும் தொடர்ந்தது. சங்கு வளையல்களும், கண்ணாடி மணிகளும், சுடுமண் உருவங்களும், நுண்கற்கருவிகளும் கிடைத்தன. அவற்றோடு, பிள்ளைகள் ஆடிய வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. உங்கள் மகள் தெருவில் பாண்டி ஆடும் சில்லு போன்றதொன்றை, இதே மண்ணில் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் வேறொரு சிறுமி கைவிட்டுப் போயிருக்கின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துச் செல்லுங்கள். சமூக அறிவியல் நூலின் பத்துப் பக்கம் அதன்பின் தானே விளங்கும். நம் கரிசற் சொற்களும் இழிவானவை அல்ல என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். கி. இராசநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார்; உங்கள் வீட்டுப் பாட்டி போன்றோர் வாயிலிருந்துதான் அதற்குச் சொற்கள் வந்தன.

இன்னொன்று சொல்ல வேண்டும். பள்ளியின் ஆண்டும் ஆலையின் ஆண்டும் ஒத்துப் போவதில்லை. தீபாவளிக்கு முந்தைய திங்கள்களில் உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. காலாண்டுத் தேர்வு அப்போதுதான் வருகின்றது. ஆகலான் வேலை நெருக்கும் அந்தப் பருவத்திற்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தெருவுக்கு ஒரு திண்ணை, பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் ஓர் அக்கா, ஐந்தாறு பிள்ளைகள். பெருந்தொற்றுக்குப் பின், 2021 அக்தோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தொடங்கியதும் ஏறத்தாழ இதுவே. நம் இயக்கத் தோழர்களுக்கும் இதைச் சொல்கின்றேன். தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதுவது எளிது. அந்தச் சுவரைப் படிக்கத் தெரிந்த பிள்ளையை உருவாக்க, மாலைதோறும் திண்ணையில் அமர வேண்டும். கிழமைக்கு இரண்டு மாலை தருவதற்கு யார் யார் முன்வருவீர் என்று கூட்டம் முடிந்ததும் கேட்பேன்.

சித்திரையில் பள்ளி முடிந்ததும் மாற்றுச் சான்றை வாங்கிவிடுங்கள். அது கிடைக்கச் சற்றுக் காலந் தாழ்ந்தாலும், அதைக் காட்டி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. 2010 ஏப்பிரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வியுரிமைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கின்றது. சூன் பிறப்பதற்கு முன் ஒருநாள், பிள்ளையோடு அந்தப் புதிய பள்ளி வரை போய் வாருங்கள். எந்தப் பேருந்து, எங்கே இறங்குவது, குடிநீர் எங்கே, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே என்று பார்த்து வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே பள்ளிக்குச் செல்வதானால், இரண்டையும் சேர்த்தே அழைத்துப் போங்கள். ஒரு நாட்கூலி போகும், போகட்டும்.

ஐயம் இருப்போர் இப்போது கேட்கலாம். தாய்மார்கள் முதலில் கேளுங்கள்.