கிடை போட்ட மண்

எரு போட்டால் காய் நன்றாகப் பிடிக்கும் என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் இப்போது எருவிலும் நாகரிகம் வந்துவிட்டது. பளபளக்கும் பையில், மணமே இல்லாமல், ஒரு கிலோ தூள் வாங்கிக் கத்தரிச்செடிக்கு விபூதி பூசுவதுபோல் தூவுகிறார்கள். செடிக்கு அது எங்கே காணும்?

என்னைக் கேட்டால், மந்தையை ராத்திரி நிலத்திலேயே அடைத்து வைக்கும் ஆட்டுக்கிடைதான். மட்கிய மாட்டெருவில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப்பங்கு. ஆட்டெருவில் ஏறக்குறைய 3 பங்கு. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று சும்மாவா சொன்னார்கள்?

கிடையின் விசேஷம் புழுக்கை மட்டுமல்ல, மூத்திரம். மறுபடி சொல்கிறேன், மூத்திரம். தழைச்சத்திலும் சாம்பல்சத்திலும் கணிசமான பங்கு அதில்தான் போகிறது. கொட்டிலில் அது தரையோடு வீண். கிடையில் நேரே மண்ணுக்குள் இறங்கும்.

எங்கள் தோட்டத்தில் கிடைக்கு வலை கட்டிய கீதாரி ஒருவர், அதாவது ஆட்டு மந்தைக்காரர், நடுராத்திரியில் எழுந்து ஆடுகளை அதட்டி எழுப்பினார்.

"ஏன் பெரியவரே, தூங்குற ஆட்டை எழுப்புறீங்க?" என்றேன்.

"எந்திரிச்சாத்தான தம்பி மூத்திரம் பெய்யும்? நீ கூலி குடுக்குறது ஆடு தூங்குறதுக்கா?" என்றார்.

மறுநாள் வலையைப் பக்கத்துத் துண்டுக்கு நகர்த்தினார். தோட்டம் முழுக்க அப்படியே சுற்றி வந்தது கிடை. அந்த வருஷத்து வெண்டையின் பச்சையை இன்னும் நான் மறக்கவில்லை.

கிடை கிளம்பியதும் மேலாக உழுது மூடிவிடுங்கள். காயவிட்டால் தழைச்சத்து ஆவியாகிவிடும். மூக்கில் ஏறுகிறதே ஒரு நெடி, அது உங்கள் காசு போகிற நெடி. மூடுங்கள், உடனே மூடுங்கள்.

வீட்டுக் கொல்லையில் கிடை மடக்க முடியாதுதான். புழுக்கையை வாங்கி நிழலில் குவித்து, நனைத்து, நன்றாக மட்கவிட்டுப் போடுங்கள். கீரை, வெள்ளரி, தக்காளி என்று பச்சையாகத் தின்பவற்றுக்குப் பச்சை எரு கூடவே கூடாது. போட்டிருந்தால் அறுப்புக்கு நாலு மாதமாவது இடைவெளி வேண்டும். கோழி எருவும் உண்டு. சூடு அதிகம், நாற்றைக் கருக்கிவிடும். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஆசையில்லை.

நெல் அறுப்பு முடிந்ததும் மந்தைகள் வரத் தொடங்கும். ஆடிப்பட்டத்துக்கு நிலம் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கூலி பேசும்போது ஆட்டை எண்ணிப் பேசுங்கள். குட்டிகளையும் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.