ஏழூர்ப் பல்லக்கு

கோடை விடுமுறை வந்துவிட்டது. ஊட்டிக்கா, கொடைக்கானலுக்கா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கும். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு வட்டாரமே சித்திரை வெயிலில் நடந்து ஊர் சுற்றுகிறது, தெரியுமா?

திருவையாற்றில் நடக்கும் ஏழூர் விழாவைத்தான் சொல்கிறேன். திருமழபாடியில் நந்திதேவருக்குப் பங்குனியில் கல்யாணம். சித்திரையில் திருவையாற்றுச் சாமி ஐயாறப்பர் அம்பாளோடு, மணமக்களையும் கூட்டிக்கொண்டு பல்லக்கில் புறப்படுகிறார். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்று ஆறு ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்ச் சாமி எதிர்கொண்டு வரவேற்று, தானும் தன் பல்லக்கில் சேர்ந்துகொள்வார்.

கல்யாணத்துக்குப் பழம் திருப்பழனத்திலிருந்து, சோறு திருச்சோற்றுத்துறையிலிருந்து, பூ திருப்பூந்துருத்தியிலிருந்து, நெய் திருநெய்த்தானத்திலிருந்து வந்ததாம். உதவி செய்த ஊர்களுக்கெல்லாம் போய் நன்றி சொல்வதுதான் இந்தப் பயணம் என்பார்கள்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12-இல். அதனால் சித்திரையில் காவிரியும் குடமுருட்டியும் பெரும்பாலும் வெறும் மணல்தான். காலைச் சுடும் அந்த மணலில் பல்லக்கோடு ஜனங்களும் இறங்கி நடப்பார்கள். வழியெல்லாம் நீர்மோர், பானகம். கடைசியில் ஏழு பல்லக்குகளும் திருவையாற்றில் கூடும்போது, ஒரு பொம்மை வந்து சாமிக்குப் பூப்போடும். அதைப் பார்க்கக் குழந்தைகள் அப்பா தோளில் ஏறிக்கொள்ளும்!

கல்யாணம் முடிந்ததும் உதவியவர்களை மறந்துவிடாமல், வீடு தேடிப்போய் நன்றி சொல்லுங்கள். சாமியே அதைத்தானே செய்கிறார்!