கைப்பேசி வைத்தியமும் நமது கடமையும்

(தோவாளையில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காரியதரிசியார் என்னைப் பேசுமாறு பணித்தபொழுது, கல்வி நிதியைப் பற்றியோ கலியாணச் செலவைப் பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றினும் அவசரமான விஷயமொன்று நம் வீடுதோறும் புகுந்திருக்கிறது. இணையத்தின் வழியாகக் கைப்பேசியில் வந்து சேரும் வைத்தியச் செய்திகளையே குறிப்பிடுகிறேன்.

முதலில் என் குற்றத்தை இச்சபையில் ஒப்புக்கொள்ளுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இலையின் சாற்றை நாற்பது நாள் அருந்தினால் நீரிழிவு அடியோடு நீங்கும், மாத்திரையே வேண்டா என்றொரு செய்தி எனக்கு வந்தது. நன்மைதானே என்றெண்ணி அதை என் சிறிய தாயாருக்கு அனுப்பினேன். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். காலிற் கண்ட சிறு புண் ஆறாது வளர்ந்து, இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "நீ அனுப்புனதுதானே மக்களே, நீ படிச்ச பிள்ளையாச்சே" என்றார். அச்சொல் இன்றும் என் நெஞ்சைச் சுடுகிறது. எழுதியவனை அவர் அறியார், என்னையே நம்பினார்.

இதுவே இவ்விஷயத்தின் மர்மம். முகந்தெரியாதவன் எழுதியது, உறவினர் கையால் வரும்பொழுது உறவின் மதிப்பைப் பெற்றுவிடுகிறது.

இதனால் நேர்ந்த தீங்குகளை நாடறியும். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்குத் தமிழ்நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியபொழுது, வாட்ஸாப்பில் பரவிய வதந்தியால் பெற்றோர் பலர் அஞ்சிப் பின்வாங்கினர். 2018-ஆம் ஆண்டு ஜூலையில் திருப்பூரில், யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில், ஒரு தாய் உதிரப்போக்கால் உயிரிழந்தார். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ந் தேதி கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, 17-ந் தேதி மாரடைப்பால் காலமானார். ஊசியே காரணம் என்ற பேச்சு ஒரே நாளில் எங்கும் பரவிற்று. நிபுணர் குழு ஆராய்ந்து, ஊசி காரணமன்று எனத் தெரிவித்தது அக்டோபர் மாதத்தில். பொய்க்கு ஒரு நாள் போதும். மெய்க்கு ஆறு மாதம் வேண்டியிருந்தது.

வதந்தி நமக்குப் புதிதன்று. தோவாளை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1879-ஆம் ஆண்டில், அரசாங்க ஊழியர், கைதிகள், மாணவர் ஆகியோர்க்கு அம்மை குத்துதல் கட்டாயமாக்கப்பட்டது. அச்சமும் தயக்கமும் அக்காலத்தும் உண்டு. எனினும் அக்கொடிய பெரியம்மை 1980-ல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அக்காலத்து வதந்தி கால்நடையாய் வந்தது. இக்காலத்து வதந்தி கண்ணிமைக்குமுன் வருகிறது. வேறுபாடு இவ்வளவே.

நீரிழிவையும் புற்றுநோயையும் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் ஊர் பேரின்றிக் கைமாறும் செய்தியைச் சட்டம் பிடிப்பது அரிது. நல்ல இணையதளங்களுக்கு முத்திரை வழங்கிவந்த ஜெனீவா ஸ்தாபனமொன்றும் 2022-ல் அப்பணியை நிறுத்திவிட்டது. ஆகவே சோதிக்கும் பொறுப்பு நம்மையே சாரும்.

சோதிப்பது எங்ஙனம்? 1997-ல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகை கூறிய அளவுகோல்களை நான்கு கேள்விகளாகச் சொல்லலாம். எழுதியவர் யார்? எதை ஆதாரமாகக் கொண்டார்? இதனால் லாபமடைபவர் யார்? எப்பொழுது எழுதப்பட்டது? மேலும், செய்தியின் தலைப்பில் இரட்டை அம்புக்குறி காணப்பட்டால், அது பல கை மாறி வந்ததென்று அறிக. பல கை மாறியது உண்மைக்கு அத்தாட்சி ஆகாது.

நம்மூர்ப் பூச்சந்தையைப் பாருங்கள். பிச்சிப்பூவைக் கண்ணாற் பார்த்து, கையால் அளைந்து, வாடியதை ஒதுக்கிய பின்னரே தொடுக்கிறார்கள். அரை நாளில் வாடும் மாலைக்கு இவ்வளவு கவனம் செலுத்தும் நாம், உயிரைப் பற்றிய செய்தியைப் பாராமலே பிறர் கையில் கொடுக்கலாமா?

இணையம் முழுவதும் தீதென்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நெடுநேரம் காத்திருந்து, வைத்தியரிடம் ஒன்றிரண்டு நிமிஷமே பேச இயலும் ஏழை, தன் ஐயங்களுக்கு வேறெங்கே விடை தேடுவான்? தேடுவது பிழையன்று, வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதே பிழை. ஐயமுள்ளோர் அரசின் 104 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் நமக்கு அண்மையிலேயே உளது.

முடிவாக ஒரு விண்ணப்பம். நமது சங்கத்து வாட்ஸாப்புக் குழுவில், மேற்சொன்ன நான்கு கேள்விகளுக்கு விடையில்லாத வைத்தியச் செய்தியை எவரும் அனுப்பலாகாது என்று இன்றே தீர்மானம் செய்வோமாக. நம்மவருள் வைத்தியராகவும் நர்ஸாகவும் பணிபுரிவோர், மாதம் ஒரு மாலைப்பொழுது இம்மண்டபத்தில் அமர்ந்து, பெரியோர்களின் ஐயங்களை எளிய தமிழில் தீர்த்துவைக்க முன்வரல் வேண்டும். என் சிறிய தாயார் இழந்ததை நான் திருப்பித்தர இயலாது. இன்னொரு வீட்டில் அது நேராதபடி தடுக்க நம்மால் இயலும்.