உழவாரத்துக்கு விசா வேண்டாம்

கோடை விடுமுறையில் பிரான்சுக்குப் போய், பழைய கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பூசிவிட்டு வருகிற இளைஞர்கள் உண்டு. 1966இல் தொடங்கிய ராம்பார் என்ற அமைப்பு இப்படிப் பல நாட்டுத் தன்னார்வலர்களை வரவழைக்கிறது. சம்பளம் கிடையாது. சாப்பாட்டுக்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும்!

குமணன்சாவடிக்காரர்களான நமக்குச் சம்பளமில்லாத இந்தத் தொண்டு புதிதா என்ன? பூந்தமல்லி, திருமழிசை, மாங்காடு என்று சுற்றிலும் பழைய கோயில்கள். கோயில்களில் புல் செதுக்க அப்பர் கையில் உழவாரம் ஏந்தியது ஏழாம் நூற்றாண்டில். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பமும் மண்வெட்டியுமாக உழவாரப்பணிக் குழுக்கள் கிளம்புகின்றன.

ஆனால் ஆர்வம் மட்டும் போதாது. 1986 முதல் 1993 வரை கம்போடியாவின் அங்கோர் வாட்டில் நம் இந்தியத் தொல்லியல் துறை வேலை பார்த்தது. உள்நாட்டுப் போருக்கு நடுவே துணிந்து செய்த பணி. ஆனாலும் கல்லை ரசாயனம் போட்டுக் கழுவியதற்குக் கடும் விமர்சனம் வந்தது. நம் ஊரிலும் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்ததில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போன கோயில்கள் உண்டு.

கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றை வெடுக்கென்று பிடுங்கினால் செங்கல்லும் கூடவே பெயர்ந்து வரும். உள்ளே தங்கிய வேர் மறுபடி துளிர்க்கும். அதை வேரோடு அகற்ற விவரம் தெரிந்தவர் வேண்டும்.

உழவாரப்பணிக்குப் போகிறீர்களா? புல்லைச் செதுக்குங்கள், குப்பையை அள்ளுங்கள். எழுத்துள்ள கல்லில் மட்டும் ஆசிட்டும் பெயிண்டும் படவிடாதீர்கள்.