நாளையின் மீது நம்பிக்கை



பட்டம் பெறும் உங்களில் பெரும்பாலோர் மின்னணுவியலும் கணினி விஞ்ஞானமும் நிர்வாக இயலும் பயின்றவர்கள். சில நாட்களிலேயே ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ சோழிங்கநல்லூரிலோ வேலைக்குச் சேரவிருப்பவர்களும் இருக்கக்கூடும். ஆகையால் நீங்கள் செய்யப்போகும் பொருளாகிய கைப்பேசியைப் பற்றியும், அதற்கும் தனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாதது போலத் தோன்றுகிற குழந்தைப் பிறப்பின் குறைவைப் பற்றியும் ஒருசேரப் பேச விரும்புகிறேன். இவ்விரண்டும் பின்லாந்து தேசத்தின் சரித்திரத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்திருக்கின்றன. அச்சரித்திரத்தின் ஓர் அத்தியாயம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே நடந்தது என்பதனால், அது நமக்கு அந்நியமானதும் அன்று.

இன்றும் 56 லட்சம் ஜனங்களே வாழ்கிற அந்தச் சிறு தேசத்தில், 1865-இல் மரக்கூழ் ஆலையாகத் தோன்றி, பின்னர் ரப்பர் காலணியும் மின்வடமும் செய்து, கடைசியில் கைப்பேசிக்கு வந்து சேர்ந்த நோக்கியா, 1998-இல் உலகத்தின் முதற்பெரும் கைப்பேசி நிறுவனம் ஆயிற்று. 2003-இல் அது வெளியிட்ட 1100 என்னும் கைப்பேசியை உங்கள் தந்தையாரின் சட்டைப் பையில் நீங்கள் பார்த்திருக்கக் கூடும். புழுதி உள்ளே புகாதிருக்கும் பொருட்டு அதன் விசைகள் ஒரே ரப்பர் விரிப்பாக மூடப்பட்டிருந்தன. வியர்த்த கையிலும் வழுக்காதபடி அதன் பக்கங்கள் சொரசொரப்பாக்கப்பட்டிருந்தன. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களை எண்ணி அதன் தலையில் ஒரு சிறு டார்ச் விளக்கும் வைக்கப்பட்டிருந்தது. 25 கோடிக்கு மேல் விற்ற அந்தக் கருவியை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். பனிதேசத்து நிறுவனமொன்று, வெயிலும் தூசியுமான ஊர்களில் வாழும் மனிதரின் உள்ளங்கையைப் பற்றியும் அவர்கள் வீட்டு இருட்டைப் பற்றியும் அக்கறையோடு சிந்தித்திருக்கிறது என்பதற்கு அது பிரத்தியட்சச் சாட்சி. பொறியியல் என்னும் சாஸ்திரத்தின் உத்தம குணம் அதுவே என்பது என் துணிபு.

அத்தகைய நிறுவனம் ஏன் வீழ்ந்தது? ஆப்பிள் 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகம் செய்தது. 2008 ஜூலையில் சுமார் 500 செயலிகளோடு தன் செயலிக் கடையைத் திறந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் கூகுளின் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தோடு கூடிய முதல் கைப்பேசியும் சந்தைக்கு வந்துவிட்டது. அதுவரையில் கைப்பேசியைச் செய்தவர் எவரோ அவரே அதன் குணங்கள் யாவற்றுக்கும் கர்த்தாவாக இருந்தார். அதற்குப் பின்னரோ, எங்கெங்கோ இருக்கிற ஆயிரக்கணக்கான நிரலர்கள் எழுதுகிற செயலிகளே ஒரு கருவியின் மதிப்பை நிர்ணயித்தன. எந்தத் தளத்தில் ஜனங்கள் மிகுதியோ அந்தத் தளத்துக்கே நிரலர்கள் எழுதுவார்கள்; எங்கே செயலிகள் மிகுதியோ அங்கேயே ஜனங்கள் செல்வார்கள். நோக்கியாவின் சிம்பியன் இயங்குதளம் அந்தச் சுழற்சிக்கு வெளியே நின்றுவிட்டது. கண்ணாடியிலும் காமிராவிலும் ஆண்டெனாவிலும் அதன் பொறியாளர்கள் எவருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆனால் போட்டியின் இலக்கணமே மாறிப் போயிருந்தது.

இங்கே நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 2010 செப்டம்பரில் நோக்கியாவின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஸ்டீபன் ஈலாப், தீப்பற்றிய எண்ணெய்க் கிணற்று மேடையில் நிற்பவனின் நிலைமைக்குத் தம் நிறுவனத்தின் நிலைமையை ஒப்பிட்டு ஊழியர்களுக்கு எழுதிய கடிதம், 2011 பிப்ரவரியில் வெளியே கசிந்தது. அடுத்த சில தினங்களிலேயே, சிம்பியனை மெல்லக் கைவிட்டு மைக்ரோசாப்டின் விண்டோஸ் இயங்குதளத்துக்கு மாறப்போவதாக நோக்கியா அறிவித்தது. புதிய தளத்தில் முதல் கைப்பேசி விற்பனைக்கு வர அவ்வாண்டு நவம்பர் ஆயிற்று. இடைப்பட்ட மாதங்களில் நிகழ்ந்தது என்னவென்றால், முதற் காலாண்டில் 2 கோடியே 42 லட்சமாக இருந்த நோக்கியாவின் ஸ்மார்ட்போன் விற்பனை அடுத்த காலாண்டிலேயே 1 கோடியே 67 லட்சமாக இறங்கிற்று. கருவி ஒரே காலாண்டில் பழுதாகிவிடவில்லை. அதற்கு நாளை என்று ஒன்று இல்லை என்பதை வாங்குகிறவனும் விற்கிறவனும் நிரல் எழுதுகிறவனும் அறிந்துகொண்டார்கள் என்பதே அவ்வீழ்ச்சியின் தலையாய காரணம். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்டின் கைக்குப் போயிற்று. மறு ஆண்டே மைக்ரோசாப்ட் அதன்பொருட்டு 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதிற்று.

இனி இரண்டாம் விஷயத்துக்கு வருகிறேன். பின்லாந்தில் 1938 முதற்கொண்டு ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதற்கொண்டு எல்லாத் தாய்மாருக்கும், அரசாங்கம் ஒரு பெட்டியை அளித்து வருகிறது. கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவரிடமோ தாய்சேய் நல நிலையத்திலோ பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதே அதற்கு நிபந்தனை. குழந்தையின் சட்டைகள், கம்பளித் தொப்பி, பனிக்கால உடை, போர்வை முதலியன அடங்கிய அந்த அட்டைப் பெட்டியின் அடியில் ஒரு சிறு மெத்தையும் இருக்கும். பொருள்களை எடுத்த பிறகு அப்பெட்டியே குழந்தையின் முதற் படுக்கையாக உதவும். பிறந்த குழந்தை ராஜ்யத்தின் குழந்தையும் ஆகும் என்ற உணர்ச்சியை இதைவிட அழகாகக் காட்டிய வேறொரு சட்டத்தை நான் அறியேன். 2015-இல் நம் மாநிலம் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் சிசுக்களுக்கு 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் வழங்கத் தொடங்கியதும், முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் மகப்பேறு உதவித்தொகை தருவதும் அதே உணர்ச்சியின் விளைவுகளே. மேலும் பின்லாந்தில் குழந்தைக் காப்பகத்தில் இடம் பெறுவது சட்டப்படியான உரிமை; 2022 ஆகஸ்டு முதல் தாய்க்கு 160 நாள், தந்தைக்கு 160 நாள் என இருவருக்கும் சமமாக ஊதியத்தோடு கூடிய விடுப்பும் உண்டு.

இவ்வளவு இருந்தும், 2010-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.87 குழந்தைகள் என்றிருந்த பின்லாந்தின் கருவள விகிதம் 2023-இல் 1.26 ஆகக் குறைந்துவிட்டது. ஆண்டொன்றுக்குச் சுமார் 61,000 குழந்தைகள் பிறந்த தேசத்தில் 2023-இல் சுமார் 43,000 குழந்தைகளே பிறந்தார்கள். மூன்றாவது குழந்தையையோ நான்காவது குழந்தையையோ தவிர்ப்பதனால் ஏற்பட்ட குறைவன்று இது. முதற் குழந்தையே பிறவாமை இச்சரிவின் பெரும்பங்கு என்று அந்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதே காலத்தில் ஸ்மார்ட்போன் ஒவ்வொருவர் கையிலும் வந்து சேர்ந்ததைக் கண்டு, இக்குறைவுக்கு அதுவே ஹேது என்று சொல்வோர் உலகெங்கும் பெருகி வருகின்றனர். கண்ணாடித் திரையைப் பார்த்துக்கொண்டே இளமையைக் கழிப்பதில் நஷ்டம் உண்டு என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆயினும் முழுக் குற்றத்தையும் அதன்மேல் சுமத்துவதற்கு நம் தமிழ்நாட்டின் அனுபவமே இடந்தரவில்லை. 1998-99-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் நம் மாநிலத்தின் விகிதம் 2.2; 2005-06 ஆய்வில் 1.8, 2019-21 ஆய்விலும் 1.8. ஆக, ஜனத்தொகை குறையாதிருக்க வேண்டிய 2.1 என்ற எல்லைக்குக் கீழே நாம் இறங்கியபோது, ஐபோன் என்பதே உலகத்தில் தோன்றியிருக்கவில்லை.

நம் பெண்கள் கைப்பேசியைக் கண்டு குழந்தைகளைக் குறைத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம், சத்துணவு, ஆரம்ப சுகாதார நிலையம், தாமதமாக நடக்கும் விவாகம், சிசு மரணத்தின் குறைவு ஆகிய இவற்றால், தம் உடலின்மீதும் வாழ்வின்மீதும் ஓரளவு ஆட்சி கிடைத்தவுடன், அவர்கள் அறிவோடு எடுத்த முடிவு அது. பெரியார் கர்ப்பத் தடையை ஆதரித்தபோது, ஜனத்தொகைக் கணக்கைக் காட்டிலும் பெண்ணின் விடுதலையையே முதற் காரணமாக வைத்தார். இன்று மேடைகளில் ஏறி, இன்னும் அதிகக் குழந்தைகளைப் பெறுங்கள் என்று உபதேசிப்பவர்களுக்கு, அந்த விடுதலையில் ஓர் அணுவும் திரும்பப் பெறப்படலாகாது என்பதை வினயத்தோடும் உறுதியோடும் சொல்லிக்கொள்கிறேன்.

என் கவலை வேறு. குழந்தை வேண்டும் என்று விரும்பியும், பெற்றுக்கொள்ளத் துணியாத இளைஞர்களைப் பற்றியது அது. 2023-இல் தென்கொரியாவின் விகிதம் 0.72 வரை இறங்கியதே, அத்தேசத்தில் கருவிகளுக்கா குறைவு, செல்வத்துக்கா குறைவு? எத்தளத்துக்கு நாளை உண்டு என்று நம்புகிறானோ அத்தளத்துக்கே நிரலன் தன் உழைப்பைத் தருகிறான் என்று பார்த்தோம். ஒரு கருவியைப் பற்றிய நம்பிக்கைக்கே அவ்வளவு சக்தி உண்டென்றால், இருபது வருஷங்களுக்குக் குறையாத பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் தம்பதிகளுக்கு, வேலையின் நாளை, வீட்டு வாடகையின் நாளை, உறவின் நாளை ஆகியவற்றின் மீது எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். பின்லாந்தின் பெட்டி பிறந்த குழந்தையை வரவேற்கிறது. பிறப்பதற்கு முன்னே வேண்டிய அந்த நம்பிக்கையை எந்தப் பெட்டியிலும் வைத்துக் கொடுக்க முடியவில்லை.

அந்த நம்பிக்கை எங்கே உண்டாகிறது, எங்கே உடைகிறது என்பதை அறிய நாம் ஹெல்சின்கி வரையில் போக வேண்டியதில்லை. 2006-இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் தன் தொழிற்சாலையைத் தொடங்கிற்று. அதன் உச்ச காலத்தில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள். தம் குடும்பத்திலேயே மாதச் சம்பளம் வாங்கிய முதல் தலைமுறை என்று சொல்லத் தக்கவர்கள் அவர்களில் பலர். கம்பெனி பஸ் ஏறி, ஷிப்டு மாறி மாறி உழைத்து, தம்பியைப் படிக்கவைத்து, தம் கல்யாணத்துக்குத் தாமே நகை சேர்த்தவர்கள். வரித் தகராறின் காரணமாக அந்த ஆலை மைக்ரோசாப்டுக்கு மாற்றப்படாமல் நின்று, 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியபோது, இழப்பீட்டுத் தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பெண்ணுக்கு, சிம்பியனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் நடந்த போட்டி இன்னதென்று யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். இருபத்தைந்து வயதில், வேலை என்பது எந்த தினமும் நின்று போகக்கூடியது என்ற பாடம் மாத்திரம் அவளுக்கு மிஞ்சிற்று.

ஆலைகள் மீண்டும் வந்திருக்கின்றன. அந்த நோக்கியா வளாகத்தை வாங்குவதாக 2019-இல் சால்காம்ப் நிறுவனம் அறிவித்தது. சுற்றிலும் இன்று ஐபோன்களே தயாராகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி, 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் திறக்கப்பட்டதைத் தமிழ்நாட்டின் நற்காரியங்களில் ஒன்றாகவே மதிக்கிறேன். ஆனால் அவ்விடுதியில் தங்கும் பெண் விவாகம் செய்துகொண்டால், அதன் பிறகு எங்கே குடியிருப்பாள்? அவள் வேலை என்ன ஆகும்? அதே 2024-இல், கைப்பேசி உற்பத்தியில் மணமான பெண்களைச் சேர்க்கத் தயங்குகிறார்கள் என்ற செய்தி வந்து, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்கும்படி நேர்ந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். கல்யாணம் என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு தொழிற்கூடத்தின் வாசற்கதவு சாத்தப்படுமானால், அந்தத் தேசத்தில் தொட்டில்கள் ஏன் குறைகின்றன என்று ஆராய்ச்சி செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

சட்டம் நம்மிடம் இல்லாமலில்லை. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேற்று நலச் சட்டம் 26 வார விடுப்பை விதித்தது. 50 பேரோ அதற்கு மேற்பட்டவரோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. ஆனால் சில மாத ஒப்பந்தத்தில் இடைத்தரகர் மூலம் வேலைக்கு வரும் பெண்ணின் கைக்கு அந்தச் சட்டம் எட்டும் முன்பே அவளுடைய ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.

இளைஞர்களே, இன்னும் ஐந்தாறு வருஷங்களில் உங்களில் சிலர் உற்பத்திப் பிரிவின் தலைவர்களாகவும், மனிதவளத் துறையின் அதிகாரிகளாகவும், சொந்தத் தொழில் நடத்துபவர்களாகவும் ஆகிவிடுவீர்கள். அப்போது உங்கள் மேஜைக்கு வரும் ஆள்சேர்ப்புக் காகிதங்களில், விவாகம் ஆயிற்றா என்ற கேள்வி இருந்தால் அதை அடித்துவிடுங்கள். குறுகிய கால ஒப்பந்தத்தை நிரந்தர வேலையாக மாற்றும் அதிகாரம் உங்கள் கையெழுத்தில் இருந்தால், அதைப் பிரயோகிக்கத் தயங்காதீர்கள். காப்பகம் எங்கே இருக்கிறது என்று முதல் நாளிலேயே கேளுங்கள். காகிதத்தில் மட்டும் இருக்கிறதென்றால், அதைக் கட்டி முடிக்கும் வரையில் கேட்டுக்கொண்டே இருங்கள். உங்களில் ஆண்மக்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை: இரவு குழந்தை அழுதால் எழுந்திருப்பதும், மறுநாள் விடுப்பு எடுப்பதும் உங்கள் கடமையாகும். அதைச் செய்யும் முதல் மேலதிகாரியாக நீங்கள் இருந்தால், உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் அச்சமின்றி அதைச் செய்வார்கள்.