ரேடியோவுக்கென்று தனியாக ஒரு சவுண்ட் கார்டு

அமெச்சூர் ரேடியோவில் டிஜிட்டல் முறைகளுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, ‘ரேடியோவைக் கணினியோடு இணைக்க எந்த சவுண்ட் கார்டு வாங்கலாம்?’ என்பதைத்தான். விலை உயர்ந்த கார்டு தேவையே இல்லை. எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் ஒரு நிலையத்தின் சிக்னல் பிடிக்கும் அகலம் வெறும் 50 ஹெர்ட்ஸ். ரிசீவரிலிருந்து வரும் மொத்த ஒலியும் சுமார் 3000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் சாதாரண யூஎஸ்பி கார்டே தாராளம். ஐகாம் ஐசி-7300 டிரான்சீவர் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம், கார்டு செட்டுக்குள்ளேயே இருக்கிறது. மற்றவர்கள் ரேடியோவுக்கென்று தனிக் கார்டு வையுங்கள். இல்லையென்றால் மெயில் வந்த ‘டிங்’ ஒலிகூட வானலையில் ஏறிவிடும்!

கார்டைவிட நான் அதிகம் வற்புறுத்துவது ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை. ஒரு நண்பரின் நிலையத்துக்குப் போயிருந்தேன். திரையில், சிக்னல்களைக் காட்டும் வாட்டர்ஃபால் முழுக்க, 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் வரிசையாகச் செங்குத்துக் கோடுகள். கார்டு சரியில்லை, மாற்றப்போகிறேன் என்றார். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், கோடுகள் போய்விட்டன. செருகினேன், திரும்ப வந்தன. லேப்டாப்பும் ரேடியோவும் மின் இணைப்பின் எர்த் வழியாக ஒருமுறை, ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக இன்னொரு முறை என இணைந்து வளையமாகிவிடுகின்றன. மின்சாரத்தின் உறுமல் அதில்தான் சுற்றுகிறது. போக ஒன்று, வர ஒன்றாக 600 ஓம் 1:1 டிரான்ஸ்ஃபார்மர்கள் போட்டு, இரு பக்கத்து எர்த்தையும் சேர்க்காமல் விட்டோம். சிக்னல் காந்தப்புலமாகத் தாண்டிப் போனது. உறுமலுக்கு வழி அடைபட்டது. பழைய கார்டே இன்றும் ஓடுகிறது. வாங்கும்போது இந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருக்கும் இன்டர்ஃபேஸ் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒலி அளவையும் சொல்லிவிடுகிறேன். அனுப்பும்போது ரேடியோவின் ஏஎல்சி (தானியங்கி அளவுக் கட்டுப்பாடு) முள் அசையாத அளவுக்குக் குறைத்து வையுங்கள். ஒலி மிஞ்சினால், 800 ஹெர்ட்ஸில் அனுப்பும் சிக்னல் 1600-லும் 2400-லும் முளைத்து அடுத்தவரின் இடத்தைப் பிடிக்கும். 1500-க்கு மேல் அனுப்பினால், அந்த மடங்குகளை டிரான்சீவரின் ஃபில்டரே வெட்டிவிடும். கார்டில் மைக் துளை மட்டும் இருந்தால் ரிசீவர் ஒலியையும் நன்றாகக் குறைக்க வேண்டும்.

உரிமம் கையில் இருக்கும் நேயர்கள் இந்த வாரமே ஒரு கார்டைச் செருகிவிடுவீர்கள் என்று நம்புகிறேன். இரவில் 7.074 மெகாஹெர்ட்ஸில் உங்கள் அழைப்பைத் தேடுவேன்.