இல்லமும் பள்ளியும் இணைந்தால்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



அண்ணல் அம்பேத்கர் சிறுவராய்ப் பள்ளியில் பயின்றபோது, வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணித் துண்டின்மேல் தனியே அமர வேண்டியிருந்தது. ஒதுக்கி அமர்த்தப்படுவதன் வலியை நம்மைவிட அறிந்தவர் யார்? அத்தகைய நாமே, கண்ணோ செவியோ காலோ குறைபட்ட நம் பிள்ளையைத் திண்ணையிலேயே இருத்திவிடலாமா?

பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத மாணவனை ஆசிரியர் மந்தமானவன் என்று எண்ணக்கூடும். அவன் காதில் அடிக்கடி சீழ் வடிவது தாய்க்குத் தெரியும். அதனால் செவித்திறன் குறையும் என்பது அவருக்குத் தெரியாதிருக்கலாம். செய்தியில் பாதி பள்ளியில், பாதி இல்லத்தில். இரண்டும் சேர்ந்தாலன்றி உண்மை புலப்படாது. சேர்ந்துவிட்டாலோ மருத்துவமும் கிட்டும். வகுப்பில் முன்வரிசை இடமும் கிட்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாதெனச் சான்று பெற்ற பிள்ளை, 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்கலாம். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்கள் உண்டு. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் கோரலாம். இவற்றிற்கெல்லாம் மருத்துவச் சான்று வேண்டும். பத்தாம் வகுப்பு வரை காத்திராமல், குறை தெரிந்தவுடனேயே அதனைப் பெற முயலுங்கள்.

இதில் பள்ளியின் கடமையும் பெரிது. கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரை நண்பகலில் வரச் சொன்னால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே மாலையில் சந்திப்போம். பிள்ளையால் இயலாததைச் சொல்லுமுன், இயல்வதைச் சொல்வோம். பெற்றோரும் பிள்ளையின் நோயையும் பழக்கத்தையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். அன்றைய பாடத்தை வீட்டில் ஒருமுறை சொல்லிக் காட்டச் செய்தல் வேண்டும்.

இளைஞர்களே, இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் நீங்கள். தெருவுக்கு இருவர் முன்வாருங்கள். பள்ளிக்கு வாராத பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். மருத்துவ முகாமிற்குத் தாயுடன் செல்லுங்கள், விண்ணப்பத்தை எழுதிக்கொடுங்கள். பார்வையற்ற பிள்ளைக்கு நாள்தோறும் அரைமணி நேரம் பாடம் படித்துக் காட்டுங்கள்.

நம் தெருவில் ஒரு பிள்ளையேனும் திண்ணையில் எஞ்சியிருக்குமாயின், சங்கத்தின் பணி முடிந்ததாகாது.